வீடும் பந்தலும்: பெரிய விளையாட்டரங்கை ஊருக்காகத் திட்டமிடுதல்

மகள் கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வருவார்கள் என்பதற்காக ஆயிரம் பேர் உட்காரும் கூடத்தோடு யாரும் வீடு கட்டுவதில்லை. குடும்பத்துக்கு எத்தனை அறை வேண்டுமோ அத்தனை கட்டுகிறோம். கல்யாணத்தன்று வாசலில் பந்தல் போடுகிறோம். மறுநாள் பந்தல்காரர் வந்து பிரித்துக்கொண்டு போய்விடுகிறார். சொந்த வீட்டில் இவ்வளவு தெளிவாக இருப்பவர்கள்தான், விளையாட்டரங்கம் என்று வந்தால் பந்தலையே கான்கிரீட்டில் கட்டிவிடுகிறார்கள். இரண்டு வாரப் போட்டிக்கு வரும் கூட்டத்தை அளந்து கேலரி எழும்புகிறது. அப்புறம் முப்பது வருடத்துக்கு அந்த கேலரியைக் கூட்டிப் பெருக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது.

எது வீடு, எது பந்தல் என்று வரைபட நிலையிலேயே பிரித்துக்கொள்வது எப்படி என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. உள்ளாட்சிப் பொறியாளர், கட்டடக் கலைஞர், விளையாட்டுச் சங்கப் பொறுப்பாளர் ஆகிய மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிப்பார்கள் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. முக்கிய எடுத்துக்காட்டு 2012 லண்டன் ஒலிம்பிக் பூங்கா. ஒரே பூங்காவில், ஒரே போட்டிக்காக, சரியாகத் திட்டமிட்ட கட்டடமும் பாதியில் மனம் மாறிய கட்டடமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டின் செலவும் பொதுவெளியில் இருக்கிறது. கற்றுக்கொள்ள இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

1. செவ்வாய்க்கிழமைக் கணக்கு

வழக்கமாக வரைபட வேலை தொடக்க விழாவிலிருந்துதான் தொடங்கும். முக்கியப் பிரமுகர்கள் எங்கே உட்காருவார்கள், கேமரா எங்கே நிற்கும், வாணவேடிக்கை எங்கிருந்து கிளம்பும் என்றெல்லாம் பேசுவார்கள். அந்தக் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, போட்டி முடிந்து ஐந்து ஆண்டுக்குப் பிறகு வரும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 5 மணியிலிருந்து இரவு 10 மணி வரை ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோடு போட்டு, யார் வருவார்கள், எப்படி வருவார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள்.

5 மணிக்கு நடைப்பயிற்சிக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது திறந்த கேட், வெளிச்சம், குடிநீர், பூட்டாத கழிப்பறை. 7 மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள். 10 முதல் 3 வரை எந்த அரங்கமும் தூங்கும் நேரம். பெரியவர்களுக்கான உடற்பயிற்சி, பெண்களுக்கான நீச்சல் வகுப்பு, மூட்டுவலிக்காரர்களுக்கான சிகிச்சைப் பயிற்சி என்று எதை நிரப்பினால் அந்த ஐந்து மணி நேரம் விழிக்கும் என்று யோசியுங்கள். 4 மணிக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளோடு காத்திருக்கும் பெற்றோரும் வருவார்கள். நிழலில் ஒரு பெஞ்சும் ஒரு டீக்கடையும் இல்லையென்றால் அடுத்த மாதம் பிள்ளையும் வராது. 8 மணிக்கு மேல் வேலை முடித்து வருபவர்கள்.

இந்தத் தாளில் எந்த மணிக்கும் நாற்பதாயிரம் இருக்கை தேவைப்படாது. தேவைப்படுவது சிறு கூடங்கள், உடைமாற்றும் அறைகள், கழிப்பறை, நிழல், சைக்கிளும் பைக்கும் நிறுத்த இடம். இவைதான் வீடு. மற்ற எல்லாவற்றையும் பந்தல் என்று ஒரு தனித்தாளில் எழுதுங்கள்.

தாளை அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்பக் கூடாது. இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் எத்தனை பள்ளி, அவற்றில் எத்தனைக்கு மைதானம் இல்லை, எந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்று நடந்து பார்க்க வேண்டும். லண்டன் பூங்கா, நகரத்தின் வசதி குறைந்த கிழக்குப் பகுதியில் உள்ள ஸ்ட்ராட்போர்டில், பழைய தொழிற்சாலை நிலத்தில் எழுந்தது. ஸ்ட்ராட்போர்டு அடங்கிய நியூஹாம் பரோ என்னும் உள்ளாட்சி வட்டாரத்திலேயேதான் தமிழ்க் கடைகளுக்கும் முருகன் கோயிலுக்கும் பேர்போன ஈஸ்ட் ஹாமும் இருக்கிறது. அங்கே நீச்சல் தெரியாமல் வளரும் பிள்ளைக்கு இந்தப் பூங்கா எதைத் தருகிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் வரைபடமே நல்ல வரைபடம்.

2. இருக்கைகளை மூன்றாகப் பிரியுங்கள்

நிலையான இருக்கை, கழற்றி எடுக்கும் இருக்கை, நகர்ந்து ஒடுங்கும் இருக்கை என மூன்று வகை உண்டு. நிலையானது கட்டும்போது ஒருமுறை செலவு வைக்கும், பிறகு ஆண்டுதோறும் பராமரிப்பு கேட்கும். கழற்றுவது வாடகைப் பந்தல் மாதிரி, போனால் அத்தோடு கணக்கு முடிந்தது. நகர்வதுதான் ஏமாற்றும். அட்டவணையில் ‘இரண்டுக்கும் உதவும்’ என்று அழகாகத் தெரியும். ஒவ்வொரு முறை நகர்த்தவும் ஆளும் நாளும் பணமும் வேண்டும் என்பது அட்டவணையில் தெரியாது.

லண்டன் எப்படிப் பிரித்தது என்று பாருங்கள்.

நீச்சல் மையம்: போட்டியின்போது 17,500 இருக்கை. பிறகு 2,500.
கூடைப்பந்து அரங்கு: 12,000 இருக்கை. பிறகு அரங்கே இல்லை, பிரித்தெடுத்தாயிற்று.
காப்பர் பாக்ஸ் உள்ளரங்கு: சுவருக்குள் ஒடுங்கும் இருக்கைகளோடு பல விளையாட்டுக் கூடமாக 2013-இல் திறக்கப்பட்டது.
சைக்கிள் பந்தய அரங்கு: 6,000 இருக்கை. பிறகும் அதே 6,000.
பிரதான அரங்கம்: 80,000 இருக்கை. பிறகு 25,000 ஆகக் குறைப்பதாகத் திட்டம். நடந்தது வேறு, அதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

இதில் கூடைப்பந்து அரங்கு முழுப் பந்தல். இரும்புச் சட்டத்தின் மேல் வெள்ளைத் துணிபோலப் பிளாஸ்டிக் உறை போர்த்தியது. போட்டி முடிந்த பிறகு அவ்வளவு பெரிய கூடைப்பந்து அரங்கை நிரப்ப அந்தப் பகுதியில் ஆளில்லை என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டார்கள். ‘இது நமக்கு வேண்டாம்’ என்று வரைபடத்திலேயே எழுதுவது தைரியமான வடிவமைப்பு. சைக்கிள் அரங்கு முழு வீடு. அதன் பக்கத்தில் சாலைச் சைக்கிள் சுற்றும், மேடு பள்ளப் பாதையும், சிறுவர்கள் விரும்பும் பிஎம்எக்ஸ் தடமும் சேர்த்து, 2014-இல் ஒரே சைக்கிள் பூங்காவாகத் திறந்தார்கள். பந்தய வீரருக்கான இடம், சைக்கிள் பழகுபவருக்கும் இடமானது.

3. ஒரே பூங்கா, இரண்டு பாடம்

நீச்சல் மையத்தை வரைந்தவர் ஜாஹா ஹதீத். அலைபோல வளைந்த அதன் கூரை 160 மீட்டர் நீளம். போட்டிக்கு முன்பு எடுத்த படங்களில் அந்த அலையின் இருபுறமும் இரண்டு பெரிய பெட்டிகள் ஒட்டிக்கொண்டு அசிங்கமாகத் தெரியும். பலர் கேலியும் செய்தார்கள். அந்தப் பெட்டிகள்தான் பந்தல். 15,000 தற்காலிக இருக்கைகள் அவற்றில் இருந்தன. போட்டி முடிந்ததும் அவற்றைக் கழற்றி, அந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்தார்கள். 2014 மார்ச்சில் குளம் பொதுமக்களுக்குத் திறந்தது. கட்டணத்தைச் சுற்றுவட்டாரக் குளங்களோடு ஒத்துப்போகும்படி வைத்தார்கள். போட்டி நாளில் அழகு குறைந்தாலும் பரவாயில்லை, மறுநாள் சரியாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்துக் கட்டியது அது.

பிரதான அரங்கத்தின் கதை வேறு. அதையும் முதலில் வீடு–பந்தல் முறையிலேயே வரைந்தார்கள். தரைக்குள் இறங்கிய 25,000 நிலையான இருக்கை. மேலே இலேசான இரும்பில் 55,000 தற்காலிக இருக்கை. போட்டிக்குப் பிறகு மேலடுக்கைக் கழற்றினால் தடகளத்துக்கான சிறிய அரங்கம் மிஞ்சும். காகிதத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் 25,000 இருக்கையுள்ள தடகள அரங்கத்தை ஆண்டு முழுவதும் யார் பயன்படுத்துவார்கள், வாடகை யார் தருவார்கள் என்ற கேள்விக்கு உறுதியான பதில் இல்லை. அதனால் கட்டி முடிக்கும் தறுவாயில் மனம் மாறியது. கால்பந்துக் கழகங்களைத் தேடினார்கள். 2011-இல் வெஸ்ட் ஹாம் கழகத்தோடு பேசிய முதல் ஏற்பாடு சட்டச் சிக்கல்களில் முறிந்தது. 2013-இல் அதே கழகத்துக்கு 99 ஆண்டு ஒப்பந்தம் கிடைத்தது. 2016-இல் கழகம் குடியேறியது.

கால்பந்துக்கு வரையாத அரங்கத்தைக் கால்பந்துக்கு மாற்றுவது வீட்டைக் கட்டி முடித்துவிட்டு அஸ்திவாரத்தை மாற்றுவது போன்றது. கூரை எல்லா இருக்கைகளையும் மூடவில்லை; அதை நீட்ட வேண்டியிருந்தது. தடகள ஓடுதளம் போகாமல் இருக்க வேண்டும், கால்பந்து ரசிகரும் அருகே உட்கார வேண்டும். அதற்கு ஓடுதளத்தின் மேல் நகரும் இருக்கைகள் வைத்தார்கள். கட்ட ஆனது சுமார் 42.9 கோடி பவுண்டு. மாற்ற 27.2 கோடி ஆகும் என்றார்கள், 32.3 கோடி ஆனது. அதில் கழகம் தந்தது 1.5 கோடி. கோடையில் தடகளத்துக்காக இருக்கைகளை நகர்த்தித் திரும்ப வைக்க ஆண்டுக்கு 3 லட்சம் பவுண்டு ஆகும் என்ற மதிப்பீடு சுமார் 80 லட்சத்தில் போய் நின்றது. ஒப்பந்தத்தில் எழுதிய அடிப்படை வாடகை ஆண்டுக்கு 25 லட்சம். மிச்சச் சுமை பொதுப்பணத்தின் தலையில். 2017-இல் லண்டன் மேயர் அரங்கத்தைத் தன் நேரடிக் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார்.

பந்தலைச் சரியாகத் திட்டமிட்டும் இங்கே தவறியது ஒன்றுதான்: வீட்டில் குடியிருக்கப் போவது யார் என்று தெரியாமலே அஸ்திவாரம் போட்டார்கள்.

4. குடியிருப்பவரைத் தெரிந்துகொண்டு கட்டுங்கள்

மான்செஸ்டர் பத்து ஆண்டு முன்பே இதைச் சரியாகச் செய்திருந்தது. 2002 காமன்வெல்த் போட்டிக்கான அரங்கத்தைக் கட்டும்போதே, பிறகு மான்செஸ்டர் சிட்டி கால்பந்துக் கழகம் வரும் என்று முடிவாகிவிட்டது. போட்டியின்போது ஓடுதளமும் ஒருபக்கம் தற்காலிக கேலரியும் இருந்தன. போட்டி முடிந்ததும் ஓடுதளத்தை எடுத்து, தரையைத் தோண்டி இறக்கி, கீழே புதிதாக ஓர் அடுக்கு இருக்கை சேர்த்தார்கள். சுமார் 38,000 இருக்கை, சுமார் 48,000 ஆனது. 2003-இல் கழகம் வந்தது. மேலே எழும்பிய நிலையான கேலரிகளைத் தொடவில்லை; தோண்டப் போகும் ஆழத்தை முதல் நாளே கணக்கிட்டு அடித்தளம் போட்டிருந்தார்கள்.

அட்லான்டாவும் அப்படியே. 1996 ஒலிம்பிக்குக்குச் சுமார் 85,000 இருக்கையோடு கட்டிய அரங்கத்தின் ஒரு பகுதியை இடித்து, 1997-இல் பேஸ்பால் மைதானமாக மாற்றினார்கள். அந்த பேஸ்பால் அணி 20 ஆண்டு விளையாடிவிட்டு 2016-இல் வேறிடம் போய்விட்டது. பிறகு அந்த இடம் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அரங்கமானது. இதில் இன்னொரு பாடம் உண்டு: குடியிருப்பவர் காலி செய்வார். அவர் போன பிறகும் வேறொருவர் வரக்கூடிய எளிய வடிவமாக இருக்க வேண்டும்.

5. தரை, தண்ணீர், சேமிப்பறை

கிரிக்கெட், கால்பந்து, தடகளம் மூன்றும் ஒரே மைதானத்தில் வேண்டும் என்று எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். அளவைச் சொல்லிப் புரியவையுங்கள். கால்பந்துத் தளம் 105-க்கு 68 மீட்டர் செவ்வகம். அதைச் சுற்றி ஓடுதளம் போட்டால் எட்டுத் தடங்களுக்கு மட்டும் கிட்டத்தட்ட 10 மீட்டர் போகும். வளைவுகளால் கோல் பக்கத்து ரசிகர் இன்னும் விலகிப் போவார். கிரிக்கெட் இதைவிடப் பெரிய வட்டம். மூன்றையும் சேர்த்தால் மூன்றையும் தூரத்திலிருந்து பார்க்கும் அரங்கம் கிடைக்கும். பிரதான மைதானத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றுக்குப் பக்கத்தில் கேலரி இல்லாத திறந்த தளம் போதும்.

உள்ளரங்கில் நிலைமை நேர்மாறு. ஒரே மரத்தரை பல விளையாட்டை ஏற்கும். ஹேண்ட்பால் ஆட்டத்துக்கான 40-க்கு 20 மீட்டர் தளத்தில் 28-க்கு 15 மீட்டர் கூடைப்பந்துக் களம் அடங்கும். இடைவெளி விட்டு ஐந்து பேட்மின்டன் களம் வரிசையாகப் போடலாம். விளையாட்டுக்கு ஒரு நிறத்தில் கோடு. இதெல்லாம் நடக்க, கோல்கம்பம், வலை, பாய், கூடைப்பந்து பலகை எல்லாவற்றையும் தள்ளி வைக்க ஒரு பெரிய சேமிப்பறை தரையோடு ஒட்டியே வேண்டும். வரைபடங்களில் முதலில் வெட்டுப்படுவது இந்த அறைதான். அது இல்லாத கூடத்தில் ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரே விளையாட்டுதான் நடக்கும், ஏனென்றால் கம்பத்தை நகர்த்த யாரும் முன்வர மாட்டார்கள். பகலில் விளக்கில்லாமல் விளையாட வழி செய்யுங்கள்: காப்பர் பாக்ஸ் கூரையில் 88 ஒளிக்குழாய்கள் சூரிய வெளிச்சத்தை உள்ளே இறக்குகின்றன. மின்கட்டணம் குறைந்தால் நுழைவுக் கட்டணமும் குறையும்.

நீச்சலில் ஆழம்தான் எல்லாம். போட்டிக் குளம் ஆழமாக இருக்க வேண்டும். 10 மீட்டர் மேடையிலிருந்து குதிக்கச் சுமார் 5 மீட்டர் ஆழம் வேண்டும். பழகவரும் பிள்ளைக்கு இடுப்பளவு போதும். லண்டன் நீச்சல் மையத்தில் அடித்தளமே ஏறி இறங்கும். குறுக்குத் தடுப்பை நகர்த்திக் குளத்தைப் பிரிக்கவும் முடியும். அந்த இயந்திரத்துக்குப் பணமில்லாத ஊர், பெரிய குளத்தின் இருக்கையைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் ஆழமில்லாத சிறு குளம் ஒன்று கட்டலாம். பழகுபவர்களின் கட்டணம்தான் பெரும்பாலும் குளத்தை ஓட்டும்.

6. ஊருக்குக் கிடைப்பது ஓரங்கள்

பிரதான மைதானத்தின் புல்லை நாள் முழுவதும் மிதிக்க விடமாட்டார்கள். இயற்கைப் புல் அதைத் தாங்காது. அதனால் ஊருக்குக் கிடைக்கப் போவது அரங்கத்தின் ஓரங்கள்: வெளிச்சுற்று நடைபாதை, கேலரிக்குக் கீழே உள்ள இடம், போட்டிக்கு முன் வீரர்கள் உடலைத் தயார் செய்யும் பயிற்சித் தளம். இந்த மூன்றுக்கும் வரைபடத்தில் முதல் மரியாதை கொடுங்கள்.

லண்டனில் பிரதான அரங்கத்தின் பக்கத்திலேயே உள்ளூர் ஓட்டக் கழகத்துக்கும் பள்ளிகளுக்குமான சமூகத் தடகளத் தளம் இருக்கிறது. மான்செஸ்டரில் பயிற்சித் தளம் வட்டார அரங்கமாக நின்றது. இரண்டிலும் பெரிய அரங்கம் மாறியது, பக்கத்துச் சிறிய தளம் ஊரோடு தங்கியது.

கேலரிக்குக் கீழே இருக்கும் சரிவான இருட்டு இடம் எல்லா ஊரிலும் உடைந்த நாற்காலிகளின் சேமிப்பறையாகவே முடிகிறது. வெளிப்புறம் கதவு வைத்து, தெருவிலிருந்து நேரே நுழையும்படி செய்தால் அதே இடம் உடற்பயிற்சிக் கூடம், நூலகம், மருத்துவ நிலையம், கடை என்று மாறும். உள்ளே நுழைய மைதானக் காவலாளியைத் தாண்ட வேண்டுமென்றால் எதுவும் மாறாது.

இதை முழுமையாகச் செய்து பார்த்த ஊர் சிங்கப்பூரின் தெம்பனிஸ். 2017-இல் அதிகாரபூர்வமாகத் திறந்த ‘நமது தெம்பனிஸ் நடுவம்’ என்ற வளாகத்தில், 5,000 பேர் உட்காரும் திடலைச் சுற்றி நீச்சல் குளங்கள், வட்டார நூலகம், உணவங்காடி நிலையம், அரசுச் சேவை முகப்புகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் உள்ளன. வரைவதற்கு முன் ஆயிரக்கணக்கான குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்டார்கள். புத்தகம் திருப்பித் தர வந்தவர் பந்தாட்டத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டுப் போகிறார். திடல் காலியாக இருக்கும் நேரத்திலும் கட்டடம் காலியாக இருப்பதில்லை.

7. சாவி யாரிடம்?

நல்ல வடிவமைப்பையும் கேட்டில் தொங்கும் பூட்டு வீணாக்கிவிடும். அரங்கத்தை நடத்தப் போகும் அமைப்பு, கட்டுமானம் நடக்கும்போதே இருக்க வேண்டும். லண்டனில் கட்டுவதற்கு ஓர் ஆணையம் 2006-இல் அமைந்தது. போட்டிக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பார்ப்பதற்கென்று தனி நிறுவனம் 2009-இல், அதாவது போட்டிக்கு மூன்று ஆண்டு முன்பே வந்தது. அதுவே தாமதம் என்று பிரதான அரங்கம் காட்டியது.

சிங்கப்பூரின் தேசிய விளையாட்டரங்கம் 55,000 இருக்கை, திறந்து மூடும் கூரை, நகரும் இருக்கைகள் எல்லாம் கொண்டு 2014-இல் திறந்தது. கட்டி நடத்தத் தனியார் கூட்டமைப்போடு 2010-இல் 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். 2022 டிசம்பரில் அரசே அதை முடித்துக்கொண்டு அரங்கத்தை எடுத்துக்கொண்டது. சமூகப் பயன்பாட்டைக் கூட்டுவது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. லாபம் பார்க்க வேண்டிய நிறுவனத்திடம் ‘பள்ளிப் பிள்ளைகளுக்கும் திறந்து வை’ என்று பிறகு கெஞ்ச முடியாது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தக் கட்டணத்தில், எந்தக் கேட் வழியாக என்று ஒப்பந்தத்தில் எண்ணாகவே எழுத வேண்டும்.

8. வெயிலும் மழையும்

வெப்ப மண்டலத்தில் கட்டுபவர்கள் ஐரோப்பிய வரைபடத்தை அப்படியே எடுத்தால் பகல் முழுவதும் இழப்பார்கள். கூரைக்குச் செலவழிக்கப் பணம் கொஞ்சம்தான் என்றால் கேலரியைவிட முதலில் நடைபாதைக்கும் பிள்ளைகள் பயிலும் தளத்துக்கும் நிழல் கொடுங்கள். மேற்கு வெயில் கேலரியின் முதுகில் விழும்படி திசையை வையுங்கள். மாலை நிழல் பயிற்சித் தளத்தில் விழும். பருவமழையில் தண்ணீர் தேங்கும் தாழ்நிலத்தில் மைதானத்தைத் தோண்டி இறக்கும் முன் வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்று கடைசி வாய்க்கால் வரை நடந்து பாருங்கள். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்தால் கழிப்பறைக்கும் புல்லுக்கும் ஆகும்.

9. டெண்டருக்கு முன் பத்துக் கேள்விகள்

1. செவ்வாய்க்கிழமைத் தாள் நிரம்பிவிட்டதா? காலை 10 முதல் 3 வரை யார் பெயர் இருக்கிறது?
2. மொத்த இருக்கையில் நிலையானது எத்தனை? அந்த எண்ணிக்கை நிரம்பும் நாட்கள் ஆண்டுக்கு எத்தனை?
3. நகரும் இருக்கை உண்டா? ஒருமுறை நகர்த்த எத்தனை நாள், எத்தனை ஆள், யார் பணம்?
4. போட்டிக்குப் பிறகு குடியிருக்கப் போவது யார்? கையெழுத்தாகிவிட்டதா, பேச்சு அளவில் நிற்கிறதா?
5. அவர் காலி செய்தால் அடுத்தவருக்குப் பொருந்துமா?
6. நடைப்பயிற்சிக்காரர் காவலாளியிடம் கேட்காமல் உள்ளே வர எந்த வழி?
7. பயிற்சித் தளத்துக்குத் தனிக் கேட், தனி விளக்கு, தனிக் கழிப்பறை உண்டா?
8. சேமிப்பறை வரைபடத்தில் இன்னும் இருக்கிறதா, வெட்டிவிட்டார்களா?
9. முதல் பத்து ஆண்டுப் பராமரிப்புப் பணம் எந்தத் தலைப்பில் ஒதுக்கப்பட்டிருக்கிறது?
10. தற்காலிக கேலரியைப் பிரிக்கும் செலவும் தேதியும் கட்டும் ஒப்பந்தத்திலேயே இருக்கின்றனவா?

பத்தாவது கேள்வியைச் சின்னதென்று விட்டுவிடாதீர்கள். பிரிக்கும் கூலியைப் பேசாமல் பந்தல் போட்டால், விழா முடிந்த பிறகு அதைப் பிரிக்க யாரிடமும் பணம் இருக்காது. கழி மக்கி, கீற்று சரிந்து, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பந்தலுக்குள் குனிந்துதான் வீட்டுக்காரர் தினமும் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.